அவர் குரல், அவள் விரல்

அத்தியாயம் 14

"மாப்பிள்ளை, தப்பித் தவறி என்னோடதை அழிச்சிடப் போறீங்க. கிளினிக் வேலையெல்லாம் அதுலதான் இருக்கு."

"பயப்படாதீங்க அத்தை. மேல இருக்கிறது உங்களோடது, கீழ இருக்கிறது மாமாவோடது. கம்ப்யூட்டர்ல மட்டும் கீழ் வீட்டை இடிச்சா மேல் வீடு விழாது."

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு மாப்பிள்ளை பென் டிரைவைச் செருகினான். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். கை வேலையில் இருக்கும்போது வாயும் ஓய்வதில்லை.

அவன் மாமியாரான அம்மா சிரிக்கவில்லை. வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறோமா என்று இன்னொரு தரம் பார்த்துக்கொண்டாள்.

தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தெரியும். ஹாலில் ஜன்னலோரம் இருக்கிறது. ஒரே பெட்டிக்குள் இரண்டு குடித்தனம். சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வரும். மேல் வரியைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் திறக்கும். அது அம்மாவுடையது. பல் கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்காருகிறவள், நோயாளிகளின் அப்பாயின்ட்மென்ட்களை வீட்டிலிருந்தும் சரி பார்ப்பாள். கீழ் வரியைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸ் என்ற வேறொரு சிஸ்டம். அது அவள் கணவருடையது. அதற்குள்தான் அவருடைய குரல் இருந்தது.

பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். ஊரே அவரை மைக்காரர் என்றுதான் கூப்பிடும். தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர்கள் சொன்னபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்யும் சின்ன மகள் அப்பாவைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துவிட்டாள். நூற்றுக்கணக்கான வாக்கியங்களைப் பேசவைத்துப் பதிவு செய்தாள். ஆபரேஷன் முடிந்து அவர் வீடு திரும்பியபோது, தட்டச்சு செய்தால் அவருடைய குரலிலேயே பேசும் ஒரு ப்ரோகிராம் கீழ் வரியில் தயாராக இருந்தது. கை நடுக்கம் வந்துவிட்டதால் எழுத முடியாது. பெரிய எழுத்துப் போட்ட கீபோர்டில் ஒற்றை விரலால் தட்டுவார்.

குரல் திரும்பி வந்த அன்று வீட்டில் எல்லோரும் அழுதார்கள். அம்மாவும் அழுதாள். அவள் அழுதது வேறு காரணத்துக்காக.

அந்தக் குரல் இல்லாமல் இருந்த சில வாரங்கள்தான் அவள் கல்யாண வாழ்க்கையிலேயே நிம்மதியான வாரங்கள். முன்பெல்லாம் அவர் கத்தினால் தொண்டை வலிக்கும், ஒரு கட்டத்தில் நிறுத்துவார். கம்ப்யூட்டருக்கு ஏது தொண்டை? 'உனக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா?' என்ற கேள்வியை ஒரே பட்டனில் வைத்துக்கொண்டார். காப்பி ஆறியிருந்தால் அந்தப் பட்டன். கதவு கிறீச்சிட்டால் அந்தப் பட்டன். அவள் சமையலறைக்குப் போய் ஒளிந்தாலும், விடாமல், ஏற்ற இறக்கம் மாறாமல், அது கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஆனால் அதே குரல்தான் இன்னொன்றையும் சொன்னது. போன வாரம் மூத்த மகள் வீங்கிய மணிக்கட்டோடு புருஷன் வீட்டிலிருந்து வந்து நின்றாள். அது முதல் தடவை இல்லை. மறுநாள் மாப்பிள்ளை அழைத்துப்போக வந்தபோது, மைக்காரர் ஒற்றை விரலால் நிதானமாகத் தட்டினார். "இன்னொரு தடவை என் பொண்ணு மேல கை பட்டா, அந்தக் கை உனக்கு இருக்காது." ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாப்பிள்ளை செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போனான்.

ஆக, அந்தக் குரலைப் பிடிக்காதவர்கள் இரண்டு பேர். இன்று இருவரும் ஒரே மேஜை முன்னால்.

மைக்காரரை மாதப் பரிசோதனைக்குச் சின்னவள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தாள். திரும்ப மதியம் ஆகும். திரையில் பட்டை பட்டையாகக் கட்டங்கள் வந்தன. மாப்பிள்ளை ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினான்.

"இதுதான் மாமாவோட பகுதி. இதை மட்டும் அழிச்சிட்டுப் புதுசா ஒண்ணு போடப் போறேன். வெளியில பார்த்தா வித்தியாசமே தெரியாது. அதே ரெண்டு வரி வரும்."

"குரல்?"

"சின்னவ நேத்தே ஹார்ட் டிஸ்க்கைக் குடுத்துட்டா. பண்ணின தப்புக்குப் பிராயச்சித்தமா மாமாவுக்குப் புது வெர்ஷன் போட்டுத் தரேன், அப்புறம் திருப்பி ஏத்தணும்னு சொன்னேன், 'தேங்க்ஸ் அத்தான்'னா." மறுபடி சிரித்தான். "அதை இப்ப உங்க பக்கத்துல ஏத்தியாச்சு. உங்க பாஸ்வேர்டு இல்லாம மாமாவால ஒரு வார்த்தை பேச முடியாது."

திரை கேட்டது: இந்தப் பகுதியில் உள்ள எல்லாம் அழிந்துபோகும். தொடரலாமா?

"நீங்களே அமுக்குங்க அத்தை."

"நானா?"

"நாளைக்கு யாராவது கேட்டா, அந்நிய மனுஷன் வந்து அழிச்சான்னு பேர் வரக்கூடாது பாருங்க."

அவள் யோசிக்கவே இல்லை. விரலை நீட்டி என்டரை அமுக்கினாள். பல் கிளினிக்கில் வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துப் பார்த்து, வலிக்கப்போகிற விஷயத்தைச் சட்டென்று முடித்துவிட வேண்டும் என்பது அவளுக்குப் பழகியிருந்தது.

நீலக் கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது. முடிந்தது.

"பெரியவளை எப்ப அனுப்பறீங்க?" மாப்பிள்ளையின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

"பேசறேன்."

"பேசறேன்னு சொல்லலையே நீங்க. அனுப்பறேன்னு சொன்னீங்க."

"அனுப்பறேன்னுதான் சொல்றேன். அந்த ஹார்ட் டிஸ்க்கை வெச்சிட்டுப் போங்க."

"என்கிட்டயே இருக்கட்டும் அத்தை. பத்திரமா இருக்கும்." பையில் போட்டு ஜிப்பை இழுத்தான்.

மதியம் சின்னவள் அப்பாவை மாடிவரை கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்கு ஓடினாள். மைக்காரர் நேராகக் கம்ப்யூட்டரிடம் போனார். காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் பேசாமல் சேர்த்து வைத்ததெல்லாம் முகத்தில் தெரிந்தது. கீழ் வரி. என்டர்.

பளிச்சென்று ஒரு புதுத் திரை. மலையும் ஏரியும். ஓரத்தில் ஒரு சீட்டாட்டம். குரலைக் காணோம். அவர் மவுஸை அங்கும் இங்கும் இழுத்தார். தட்டிப் பார்த்தார். தமிழ் எழுத்தே வரவில்லை. புள்ளியும் கோடுமாக ஏதோ வந்தது.

திரும்பிப் பார்த்தார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பழசு மெதுவா இருந்துச்சுன்னு மாப்பிள்ளை புதுசு போட்டுக் குடுத்தார். சீட்டு விளையாடலாமாம்."

அவர் வாயைத் திறந்து மூடினார். குரல், குரல்.

"குரலா? அது என் பக்கத்துல இருக்கு." ஒரு சட்டையை உதறினாள். "என்ன பேசணுமோ என்கிட்ட சொல்லுங்க. நியாயமா இருந்தா பேச விடறேன்."

மைக்காரர் எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. கையை ஓங்கிக்கொண்டு வந்தவருக்கு, கத்த வேண்டும் என்ற வேகத்தில், கழுத்துத் துணிக்கு அடியில் ஆபரேஷனில் போட்ட மூச்சுத் துளையிலிருந்து விசில் மாதிரிக் காற்று வந்தது. இருமல் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். சத்தம் இல்லாவிட்டால் கோபம் வியாதி மாதிரித்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"ஞாபகம் இருக்கா?" என்றாள், அவர் இருமி முடித்ததும். "கல்யாணமான புதுசு. உங்களுக்குச் சாப்பாடு எடுத்துட்டு வர லேட்டாயிடுச்சு. மைக்ல சொன்னீங்களே. 'பச்சைக் குடையைப் பிடித்துக்கொண்டு ஆடி அசைந்து வரும் அம்மணியின் கவனத்துக்கு. நீங்கள் வருவதற்குள் மூன்று பேருந்து புறப்பட்டுவிட்டது. கணவர் பசியில் செத்துக்கொண்டிருக்கிறார்.' மொத்த பஸ் ஸ்டாண்டும் திரும்பிச் சிரிச்சுது. டிரைவருங்க ஹாரன் அடிச்சாங்க. அன்னைக்கோட நான் குடை பிடிக்கிறதை விட்டேன்."

அவர் நினைவில் அது இருந்ததா, இல்லையா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

மூன்று மணிக்கு, முன்பே சொல்லியிருந்தபடி, மைக்காரரின் தம்பியும் அவர் மனைவியும் வந்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை. அதற்கு முன்பும் வருஷக்கணக்கில் அவர்கள் இந்தப் படி ஏறியதில்லை. தம்பியின் கல்யாண மேடையில் மைக்கைப் பிடித்த அண்ணன், "பத்தாவதில் பையன் ஃபெயில். பரவாயில்லை, பெண் வீட்டார் பாஸ் போட்டுவிட்டார்கள்" என்று அறிவித்ததுதான் காரணம்.

அம்மா மேல் வரியைத் திறந்து, கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"எப்படி இருக்கார் அண்ணி? பேச முடியுதா?"

"கை ரொம்ப நடுங்குது. அவர் வாயசைக்கிறதைப் பார்த்து நான் தட்டறேன். இத்தனை வருஷமா அந்த வாயைத்தானே பார்த்துட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

மைக்காரர் நிமிர்ந்தார்.

"வா தம்பி. உக்காரு," என்றது அவர் குரல்.

தம்பி அப்படியே நின்றுவிட்டார். அச்சு அசலாக அண்ணன்.

"உன் கல்யாணத்துல நான் பேசினது தப்பு. அன்னைக்கே உன் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டிருக்கணும். கேக்கலை. இப்பக் கேக்கறேன்."

மைக்காரர் வாயை இறுக மூடிக்கொண்டு, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். நாற்காலியின் கைப்பிடியில் குத்தினார்.

அம்மாவின் விரல்கள் ஒரு கணம்தான் நின்றன.

"நான் தலையை ஆட்டறேன்னு பார்க்காதே," என்றது குரல். "வெக்கமா இருக்கு. அதான்."

அவ்வளவுதான். தம்பி ஓடிவந்து அந்தத் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். "அழாதீங்கண்ணே. நான் எப்பவோ மறந்துட்டேன்." மைக்காரர் திமிறினார். திமிறத் திமிற அணைப்பு இறுகியது. தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு இதோடு நிறுத்தத்தான் எண்ணம். ஆனால் விரல் ருசி கண்டுவிட்டது.

"உன் அண்ணிக்கும் நான் கொஞ்ச நஞ்சக் கொடுமையா பண்ணியிருக்கேன்? அவ இல்லாட்டி இந்தக் குடும்பம் எப்பவோ சிதறிப் போயிருக்கும். தங்கமான மனுஷி."

அம்மா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஐயோ, இதையெல்லாமா தட்டணும்னு உங்களுக்குக் கூச்சமா இருக்கும், இல்லக்கா?" என்றாள் தம்பி மனைவி.

"என்ன பண்றது? அவர் சொல்றதைத்தானே தட்டணும்."

வாசலில் சின்னவள் நின்றிருந்தாள். வேலை சீக்கிரம் முடிந்து வந்தவள், படியேறும்போதே அப்பா சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்பதைக் கேட்டு ஓடி வந்திருக்கிறாள். இப்போது அப்பாவின் உதடுகளையே பார்த்தாள். குரல் பேசிக்கொண்டிருந்தது. உதடுகள் திறக்கவில்லை.

சித்தப்பாவும் சித்தியும் கிளம்பும்வரை பொறுத்தாள். கதவு சாத்தியதும் அம்மா மடியிலிருந்த கீபோர்டைப் பிடுங்கினாள்.

"அப்பா வாயே திறக்கலை. நீ என்னம்மா பண்றே?"

"நல்லதுதானே சொன்னேன்? ஒரு கெட்ட வார்த்தை சொன்னேனா?"

"அது அப்பாவோட குரல்!"

"காது யாரோடதுடி? இத்தனை வருஷம் அது யார் காதுல விழுந்துச்சு? நீ காலையில வேலைக்குப் போனா ராத்திரி வர்றே. அந்தப் பட்டனை ஒரு நாள் முழுக்க உக்காந்து கேட்டிருக்கியா நீ? பெரிய உபகாரம்னு நினைச்சு அதைத் திருப்பிக் கொண்டுவந்து என் தலையில கட்டினியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

சின்னவள் கேட்கவில்லைதான். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "பாஸ்வேர்டைச் சொல்லு," என்றாள்.

"மாட்டேன்."

"என் ஹார்ட் டிஸ்க் எங்க?"

"மாப்பிள்ளைகிட்ட."

"அத்தான்கிட்டயா? திருப்பி வாங்காம ஏன் விட்டே?"

"குடுத்தது நானா? நீதான் குடுத்தே. தேங்க்ஸ் வேற சொன்னியாம்."

சின்னவள் அப்பாவின் தோளைத் தொட்டாள். "இருங்கப்பா. கடைக்குப் போய் வாங்கிட்டு வந்துடறேன்." தடதடவென்று படி இறங்கும் சத்தம் கேட்டது.

வெயில் தாழும் நேரத்தில் பெரியவள் வந்தாள். கண்ணாடிக் கடையில் வேலை. வழக்கமாகக் களைத்துப்போய் வருகிறவள், இன்று முகமெல்லாம் வெளிச்சமாக வந்தாள். நேரே உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தாள்.

"எங்கடி கிளம்பிட்டே?"

"அவரோட போறேம்மா. கீழ வண்டியில வெயிட் பண்றார்."

அம்மா கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள்.

"சித்தப்பா எங்க கடைக்குப் போன் பண்ணினார். அப்பா மன்னிப்புக் கேட்டாராமே? 'உங்கப்பா புது மனுஷன் ஆயிட்டார்'னு அழறார் சித்தப்பா. எனக்கு நம்பவே முடியலை. அரை மணி நேரம் கழிச்சு அப்பாவே போன் பண்றார்!" பெரியவள் சேலையையும் சட்டையையும் சுருட்டிச் சுருட்டிப் பெட்டியில் திணித்தாள். "'அம்மாடி, மாப்பிள்ளை என்கிட்ட வந்து அழுதார். அவர் திருந்திட்டார். நான் பேசிட்டேன். நீ தைரியமாப் போ'ன்னார். அம்மாடின்னு என்னை அப்பா கூப்பிட்டதே இல்லைம்மா."

ஹாலில் நாற்காலி உரசும் சத்தம். மைக்காரர் எழுந்து வந்து மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வாயை அகலத் திறந்து ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பெரியவளுக்கு அந்த வாயைப் படித்துப் பழக்கமில்லை. "என்னப்பா? மெதுவா." பிறகு அம்மாவைப் பார்த்தாள். "என்னம்மா சொல்றார்?"

அம்மாவுக்கு நன்றாகவே தெரிந்தது. போகாதே.

அவளுக்கு இன்னொன்றும் தெரிந்தது. போன் எங்கிருந்து வந்தது, எந்த ஹார்ட் டிஸ்க் பேசியது என்று. அந்தக் குரலை இங்கே பூட்டிச் சாவியைத் தான் வைத்திருப்பதாக மதியம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை தன் கடைக்குள் உட்கார்ந்து சாவகாசமாகத் தட்டியிருக்கிறான்.

மைக்காரர் மகளை விட்டுவிட்டு மேஜையிடம் போனார். கீபோர்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். அது நடுங்கித் தடதடத்தது. அதை மனைவியின் மடியில் வைத்தார். அவள் கையை எடுத்து அதன் மேல் வைத்தார். அவர் எதற்காகவும் அவளிடம் இப்படி நின்றதில்லை. கண்ணில் நீர் கோத்திருந்தது. போகாதே. அதை மட்டும் தட்டு. வாய் அதைத்தான் கெஞ்சியது.

"அப்பா ஏதோ சொல்லணும்கிறார் பாரு. தட்டும்மா," என்றாள் பெரியவள், பெட்டியை மூடிக்கொண்டே.

ஒரே ஒரு வார்த்தை. அதைத் தட்டினால், போனில் சொன்னதற்கு நேர்மாறாக அப்பா பேசுவது ஏன் என்று இவள் கேட்பாள். கேட்டால் எல்லாம் வெளியே வரும். மத்தியானம் அழுதுவிட்டுப் போன கொழுந்தன் வரைக்கும் போகும். தங்கமான மனுஷி என்று சொன்னது யார் என்று தெரிந்துபோகும். கீழே உட்கார்ந்திருப்பவன் சும்மா இருப்பானா? காலையில் என்டரை அமுக்கியது யார் விரல் என்று சிரித்துக்கொண்டே சொல்வான்.

நான் இருக்கலையா, என்று அவள் மனசு சொன்னது. இத்தனை வருஷம் ஒருத்தனோட நான் இருக்கலையா? எனக்காக யார் வந்து கையை ஒடிச்சிடுவேன்னு சொன்னாங்க?

மகளின் மணிக்கட்டைப் பார்த்தாள். வீக்கம் வற்றிவிட்டது. நீலம் மட்டும் இருந்தது. பார்வையை எடுத்துக்கொண்டாள்.

தட்டினாள்.

"போயிட்டு வா அம்மாடி," என்றது மைக்காரரின் குரல். இத்தனை இதமாக அது பேசி அந்த வீடு கேட்டதில்லை. "சந்தோஷமா இரு."

பெரியவள் அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவர் அவளுடைய சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவள் சிரித்தபடி அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, "வரேம்பா, வரேம்மா" என்று பெட்டியோடு வெளியேறினாள்.

மைக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடிப்படியின் திருப்பத்திலிருந்து சின்னவளின் குரல் மூச்சிரைக்கக் கேட்டது.

"அக்கா! கடை பூட்டியிருக்கு. நீ எங்க பெட்டியோட?"

"அவரோட போறேன். அப்பாதான் சொன்னார்."

"அப்பாவா? எப்படிச் சொன்னார்?"

"போன்லதான்."

"போன்லயா? அக்கா, நில்லு! கையை விட மாட்டேன், நில்லு!"

கீழே ஹாரன் அடித்தது. மறுபடி, நீளமாக. வண்டிக் கதவைத் திறந்து யாரோ அறைந்து சாத்தினார்கள். கனமான காலடிகள் படியேறத் தொடங்கின. ஏதோ உருண்டு விழுந்தது. பெட்டியாக இருக்கலாம்.

அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

போட்ட கையை எடுப்பதற்குள் வெளியிலிருந்து தட்டினார்கள். ஒரு கை அல்ல, இரண்டு கைகள். "அம்மா!" இரண்டு பெண்களில் எவள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மைக்காரர் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கதவை நோக்கி நகர்ந்தார். வாயைத் திறந்து கத்தினார். காற்றுதான் வந்தது.

அம்மா கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். திறக்கவில்லை.